குளிரில் ஒழுங்காக இருந்த லோடு வெயிலில் ஏன் போல்ட்டை இறுக்குகிறது?

சிங்கப்பூர் ஈசூனில் வளர்ந்து, வேலைக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த் போய் அங்கேயே குடியேறிவிட்ட ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முறையாக உரிமம் எடுத்து ரைபிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறார். .308 வின்செஸ்டர் ரவுண்டுகளை அவரே ரீலோட் செய்கிறார், அதாவது சுட்ட உறையில் புதுப் பிரைமர் (அடியில் இருந்து தீப்பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர் (வெடிமருந்து), குண்டு வைத்து மறுபடி தயார் செய்கிறார். ஜூலையில், காலை 10 டிகிரிக் குளிரில், கையேட்டின் உச்ச அளவை ஒட்டி ஒரு லோடு (பவுடர், குண்டு, பிரைமர் சேர்க்கை) தயார் செய்தார். அருமையாகச் சுட்டது. அதே பெட்டியில் மிச்சம் இருந்த ரவுண்டுகளை ஜனவரியில் 40 டிகிரி வெயிலில் சுட்டபோது ரைபிளின் பின்பக்கத்தை மூடும் தாழான போல்ட்டைத் தூக்கவே முடியவில்லை, பிரைமர் தட்டையாகிவிட்டது. பவுடர் கெட்டுப்போய்விட்டதா, வெப்பத்துக்கு அசையாத பவுடர் என்று விற்கிறார்களே அதற்கு மாறிவிட்டால் போதுமா என்பது அவர் கேள்வி.

தம்பி, பவுடர் கெட்டிருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. மாறினால் நிலைமை கொஞ்சம் சரியாகும், ஆனால் அது மட்டும் போதாது. நான் வெடிமருந்துச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பாதி புரிந்துகொண்டவர்கள்தான் விரலுக்கும் கண்ணுக்கும் ஆபத்து தேடிக்கொள்கிறார்கள்.

முதலில், சூடு என்ன செய்கிறது என்று பார்ப்போம். பவுடரில் அடங்கியிருக்கும் மொத்த ஆற்றல் 10 டிகிரியிலும் 40 டிகிரியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறுவது எரியும் வேகம். ஒவ்வொரு பவுடர் மணியின் மேற்பரப்பும் பற்றிக்கொள்ள ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையை எட்ட வேண்டும். குளிர்ந்த எண்ணெயில் போட்ட கடுகும் காய்ந்த எண்ணெயில் போட்ட கடுகும் வெடிக்க எடுக்கும் நேரம் வேறு அல்லவா, அதுபோல ஏற்கனவே சூடாக இருக்கும் மணி சீக்கிரம் பற்றுகிறது. ரைபிளில் இதோடு இன்னொரு விஷயமும் சேர்கிறது. பவுடர் எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஏறினால் வேகமாக எரியும், வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். புகையில்லா வெடிமருந்தை 1884-இல் உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியெய் பெயரால்தான் இந்த உறவை இன்றும் குறிப்பிடுகிறோம். ஆகவே தொடக்கத்தில் கிடைக்கும் சின்ன முந்தல், குண்டு குழலுக்குள் சில சென்டிமீட்டர் நகர்வதற்குள் பெருகிவிடுகிறது. உச்ச அழுத்தம் முன்னதாக வருகிறது, உயரமாகவும் வருகிறது.

அதனால்தான் வேகத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் வேகம் 2 விழுக்காடு கூடியிருப்பதைப் பார்த்து, 'பரவாயில்லையே, கொஞ்சம்தானே' என்று தோன்றும். அழுத்தம் அந்தக் கணக்கில் ஏறாது. வேகம் 1 விழுக்காடு கூடினால் உச்ச அழுத்தம் தோராயமாக 2 முதல் 3 விழுக்காடு கூடும்.

உங்கள் ரைபிளுக்கே கணக்குப் போடுவோம். .308-க்கு, துப்பாக்கிச் சோதனை விதிகளை வகுக்கும் ஐரோப்பிய சி.ஐ.பி. அமைப்பின் உச்ச வரம்பு 4150 பார் (பார் என்பது அழுத்த அலகு). குளிர்கால லோடு 4000 பாரில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பழைய வகைப் பவுடர்களில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு வினாடிக்கு அரை மீட்டர் வேகம் மாறுவது சாதாரணம், சிலவற்றில் அதற்கு மேலும் மாறும். 10-இலிருந்து 40-க்கு 30 டிகிரி. வினாடிக்கு 15, 16 மீட்டர் கூடும். 800 மீட்டர் வேகத்தில் அது 2 விழுக்காடு. அழுத்தம் 4 முதல் 6 விழுக்காடு ஏறி 4160, 4240 என்று நிற்கும். வரம்பைத் தாண்டியாயிற்று. அதோடு நிற்பதில்லை. பத்துப் பதினைந்து ரவுண்டு சுட்ட பிறகு சேம்பர் (குழலின் பின்முனையில் ரவுண்டு உட்காரும் அறை) 60 டிகிரிக்குப் போயிருக்கும். அதில் ரவுண்டைப் போட்டுவிட்டு, காற்று அடங்கட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தால், அந்தப் பவுடருக்கு வெளியே 40 டிகிரி என்பது தெரியாது. அது சேம்பரின் சூட்டைத்தான் வாங்கிக்கொள்ளும். இப்போது 50 டிகிரி வித்தியாசம், 4300, 4400 பார். குழல் வெடித்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். வரம்பைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் சோதித்துத்தான் துப்பாக்கியை வெளியே விடுகிறார்கள். ஆனால் பித்தளை உறை சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பிரைமர் குழி தளரும், போல்ட் இறுகும். நீங்கள் பார்த்ததும் இதைத்தான்.

இது புதிய தலைவலியும் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வேட்டைத் துப்பாக்கி அனுப்பிய லண்டன் தயாரிப்பாளர்கள் இதே இடத்தில்தான் மாட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய கார்டைட், நைட்ரோகிளிசரின் நிறைய சேர்ந்த மருந்து. 1889-இல் வந்த முதல் கலவையில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின். இங்கிலாந்துக் குளிரில் நன்றாக வேலை செய்த ரவுண்டு, நம் ஊர் கோடையில் உறை ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் நின்றது. காயம்பட்ட புலி எதிரே நிற்கும்போது உறை வெளியே வராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்காகவே வெப்ப நாடுகளுக்கென்று மருந்து குறைத்த லோடுகளைத் தனியாக விற்றார்கள். 1911-இல் வந்த .416 ரிக்பியின் உறை அவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் இதுதான் காரணம். இடம் தாராளமாக இருந்தால் அழுத்தம் குறைவாக இருக்கும், வெயிலில் ஏறினாலும் தாங்கும். குன்னூர் போய் வந்தவர்கள் அருவங்காட்டு ஆலையைப் பார்த்திருப்பீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கார்டைட் செய்வதற்காகவே தொடங்கப்பட்ட இடம் அது. நீலகிரிக் குளிரில் செய்த மருந்து சமவெளி வெயிலிலும் சுடப்பட வேண்டும் என்பது அன்றைக்கே இருந்த கவலை.

நம் சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது ஏன் உறைப்பதில்லை என்றால், நமக்குப் பருவமே கிடையாது. இங்கே பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 37 டிகிரி, 1983-இல் தெங்காவிலும் 2023-இல் அங் மோ கியோவிலும். மிகக் குறைந்தது 1989-இல் பாய லேபாரில் 19 டிகிரி. ஆக, வரலாற்றின் இரண்டு எல்லைகளுக்கும் இடையே வெறும் 18 டிகிரிதான். பெர்த்தில் ஒரே ஆண்டில் அதைவிட இரண்டு மடங்கு மாறிவிடும். என்.எஸ். (தேசிய சேவை) காலத்தில் பாசிர் லாபா ரேஞ்சில் ஸீரோ பார்த்த, அதாவது குறி சரிசெய்த எஸ்.ஏ.ஆர். 21 ரைபிள், அடுத்த மாதமும் அதே இடத்தில் அடித்திருக்கும். வெப்பநிலை என்று ஒன்று கணக்கில் இருப்பதே தெரிந்திருக்காது. நியூசிலாந்தின் வயோருவுக்குப் பயிற்சிக்குப் போய்வந்தவர்களுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் ராணுவ ரவுண்டுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நேட்டோ முறைப்படி அதை 21 டிகிரியில் மட்டும் சோதிப்பதில்லை. மைனஸ் 54-இலும் பிளஸ் 52-இலும் வைத்து அழுத்தம் பார்க்கிறார்கள். 52 டிகிரியிலும் வரம்புக்குள் இருக்குமாறு முதலிலேயே இடம் விட்டு மருந்து போடுகிறார்கள். வீட்டில் ரீலோட் செய்பவர், தான் சோதித்த அந்த ஒரு காலை நேர வெப்பநிலையை மட்டும் நம்பி உச்சத்தைத் தொட்டுவிடுகிறார். வித்தியாசம் அங்கேதான்.

அடுத்து, பவுடர் மாற்றுவது பற்றி.

வெப்பத்துக்கு அதிகம் அசையாதவை என்று பெயர் எடுத்தவற்றில் முன்னணியில் இருப்பவை உங்கள் ஊர்ச் சரக்குதான். ஆஸ்திரேலியாவில் முல்வாலா ஆலையில் செய்யும் ஏ.ஆர். வரிசை. ஏ.ஆர். 2208-ஐத்தான் அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் நிறுவனம் வார்கெட் என்று விற்கிறது. ஏ.ஆர். 2209 அங்கே எச் 4350. இந்த வரிசையில் ஒரு டிகிரிக்கு வினாடிக்கு 0.1 முதல் 0.3 மீட்டர் வரை மாறும் என்று எதிர்பார்க்கலாம். உருண்டை மணிப் பவுடர்கள் பலவற்றில் இது இரண்டு மூன்று மடங்கு. உருண்டை மணிகளில் பெரும்பாலும் நைட்ரோகிளிசரின் சேர்ந்திருக்கும், எரியும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது மேலே பூசிய தடுப்புப் பூச்சுதான். நடுவில் துளையுள்ள குச்சி மணிகளில் வடிவமும் சேர்ந்து வேலை செய்கிறது. வெளிப்புறம் எரிந்து சுருங்கும்போது உள்துளை விரிந்து, எரியும் பரப்பை ஓரளவு சமமாக வைத்திருக்கிறது. நவீன பவுடர்களில் மணிக்குள் எதை, எவ்வளவு ஆழத்துக்கு ஊறவைக்கிறார்கள் என்பதில்தான் ஒவ்வொரு நிறுவனத்தின் ரகசியமும் இருக்கிறது.

நைட்ரோகிளிசரின் இருந்தாலே மோசம் என்றும் முடிவு கட்டாதீர்கள். அதைச் சேர்த்தும் நிலையாக இருக்கும் பவுடர்கள் வந்துவிட்டன. அலையன்ட் நிறுவனத்தின் ரீலோடர் வரிசையையே பாருங்கள். பழைய ரீலோடர் 22 வெயிலில் நன்றாகவே ஏறும், பின்னால் வந்த ரீலோடர் 16-ம் 23-ம் வெப்ப மாற்றத்தைச் சமாளிக்கவென்றே செய்யப்பட்டவை. ஒரே வரிசைப் பெயர், இரண்டு விதமான நடத்தை.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. வெப்பத்துக்கு எவ்வளவு அசையும் என்பது பவுடரின் பெட்டியில் எழுதி ஒட்டக்கூடிய குணம் இல்லை. அது முழு லோடின் குணம். உறையின் கொள்ளளவு, குண்டின் எடை, பிரைமர், குழலின் நீளம், எந்த அழுத்தத்தில் இயக்குகிறீர்கள் என்பது எல்லாம் அதில் அடங்கும். ஒரு கார்ட்ரிட்ஜில் கோடு போட்டது போல் நிற்கும் பவுடர், இன்னொன்றில் அப்படி நிற்காது. அதே பவுடரின் அடுத்த லாட் (தயாரிப்புத் தொகுதி) கொஞ்சம் மாறியும் இருக்கலாம். இன்னொன்று, மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே சாய்வில் இருப்பதில்லை. சில பவுடர்கள் 0 முதல் 25 டிகிரி வரை அமைதியாக இருந்துவிட்டு 35-ஐத் தாண்டியதும் ஏற ஆரம்பிக்கும். 'ஒரு டிகிரிக்கு இவ்வளவு' என்று ஒரே எண்ணைச் சொல்லும் அட்டவணைகளை நான் ஆரம்பக் குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

அப்படியென்றால் உங்கள் லோடை நீங்களே அளக்க வேண்டும். பெரும்பாலோர் செய்வது: ஐந்து ரவுண்டைக் காலையில், ஐந்து ரவுண்டை மதியம் சுட்டு, சராசரியைக் கழித்து, பத்து டிகிரிக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுவது. அதை நம்ப முடியாது. ஒரு நல்ல லோடிலேயே ரவுண்டுக்கு ரவுண்டு வேகத்தின் திட்ட விலக்கம் வினாடிக்கு 5 மீட்டர் இருக்கலாம். ஐந்து ஐந்து ரவுண்டுகளின் சராசரிகளைக் கழிக்கும்போது அந்த வித்தியாசத்திலேயே 3 மீட்டருக்கு மேல் ஐயம் ஒட்டிக்கொண்டிருக்கும். 10 டிகிரிக்கு 0.3 வீதம் நீங்கள் தேடுவதே 3 மீட்டர்தான். எது வெப்பம், எது தற்செயல் என்று பிரிக்கவே முடியாது. ஆகவே வெப்ப இடைவெளியை 30 டிகிரியாவது அகலப்படுத்துங்கள், ஒவ்வொரு பக்கமும் பத்து ரவுண்டாவது சுடுங்கள்.

செய்முறை இப்படி. முதலில் உச்ச அளவிலிருந்து நன்றாகக் கீழே இறங்கிய லோடை எடுத்துக்கொள்ளுங்கள். வரம்பை ஒட்டிய ரவுண்டைச் சூடாக்கிச் சோதிக்கவே கூடாது. இரண்டு ஐஸ் பெட்டி வேண்டும். ஒன்றில் ஐஸ் பொதி, மற்றொன்றில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள், 40 டிகிரியைத் தாண்டாமல். பிரைமரும் பவுடரும் இல்லாத ஒரு காலி உறைக்குள் மெல்லிய வெப்பமானியைச் செருகி இரண்டு பெட்டியிலும் வைத்தால், ரவுண்டின் உண்மையான சூடு தெரியும். வெளிக்காற்றின் சூட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், இரண்டும் வேறு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடுங்கள். பிறகு பெட்டியிலிருந்து எடுத்ததும் நேராக சேம்பரில் போட்டுச் சில வினாடிக்குள் சுட வேண்டும். குளிர்ந்த ரவுண்டில் வியர்வை கோத்திருந்தால் துடைத்துவிடுங்கள். ஈரமான உறை சேம்பரைப் பிடித்துக்கொள்ளாது, போல்ட்டின் மேல் சுமை கூடும். சூடு ஒன்று, குளிர் ஒன்று என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். பத்துக் குளிர் ரவுண்டை முதலில் முடித்துவிட்டுச் சூட்டுக்குப் போனால், குழல் ஏற்கனவே சூடாகியிருக்கும், அந்தப் பிழையும் கணக்கில் ஏறிவிடும். குழலில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள்.

ரவுண்டைச் சூடாக்க அடுப்பு, மைக்ரோவேவ், ஹேர் டிரையர், கார் டாஷ்போர்டு என்று எதையும் நாடாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது.

பெர்த் வெயிலில் இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. ஈரப்பதம். உங்கள் ஊர்க் கோடை வறண்டது. நைட்ரோசெல்லுலோஸ் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வறண்ட காற்றில் அதை விட்டுவிடும். ஈரம் குறைந்த பவுடர் வேகமாக எரியும், வேகமும் அழுத்தமும் கூடும். இது சூட்டைப்போல ஆறியதும் திரும்பிவிடாது, உலர்ந்தது உலர்ந்ததுதான். பவுடரை அளந்து ஊற்றும் மெஷரின் குழாயில் வாரக்கணக்கில் மருந்தை விட்டுவைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. வறண்ட ஊரில் அப்படிச் செய்தால் அதே எடையில் போட்டாலும் அடுத்த பெட்டி அழுத்தம் கூடிய லோடாகிவிடும். வேலை முடிந்ததும் அசல் டப்பாவில் கொட்டி, இறுக மூடிவையுங்கள். இங்கே சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். இங்கு கேமராவுக்கு உலர் அலமாரி வாங்குகிறோமே, அந்தப் பழக்கத்தில் பவுடரையும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கத் தோன்றும். வேண்டாம்.

பவுடர் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கெட்டுப்போவதும் வெப்பத்தால் ஏறுவதும் வேறு வேறு. ஏறுவது தற்காலிகம், குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். கெடுவது மெதுவான சிதைவு. நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் உடைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை விடும், அவை மேலும் சிதைவைத் தூண்டும். அதைப் பிடித்துவைக்கத்தான் டைஃபீனைலமின் போன்ற நிலைப்படுத்திகளைச் சேர்க்கிறார்கள். இந்தப் பாடத்தை உலகம் மிகக் கொடுமையாகக் கற்றது. துலோன் துறைமுகத்தில் 1907-இல் இயேனா, 1911-இல் லிபெர்தே என்று இரண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள், உள்ளே இருந்த பழைய வெடிமருந்து தானாகச் சிதைந்து வெடித்ததில் அழிந்தன. உங்கள் டப்பாவைத் திறந்தால் ஈத்தர் போன்ற மெல்லிய வாடை வந்தால் நல்லது. மூக்கைக் கரிக்கும் அமில நெடி, செம்பழுப்புப் புகை, துருப்பிடித்தது போன்ற தூள் இருந்தால் அது கெட்ட பவுடர். அதைச் சுடவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. ஆறு மாதத்தில் அப்படி ஆகாது, 45 டிகிரி தகரக் கொட்டகையில் பல கோடை வைத்தால் ஆகலாம்.

குறி எவ்வளவு விலகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வினாடிக்கு 10 மீட்டர் வேகம் மாறினால் 300 மீட்டரில் 2 செ.மீ. அளவுதான், இலக்கில் உங்கள் குண்டுகள் விழும் கூட்டத்தின் அகலத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். 600 மீட்டரில் 10 செ.மீ. வரும். 1000 மீட்டரில் 35 செ.மீ.-க்கு மேல் போய்விடும். அத்துடன் சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனாலும் குண்டு மேலே போகும். இரண்டும் ஒரே திசையில் சேரும். நீங்கள் 300 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை என்றால், துல்லியத்துக்காகப் பவுடர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அழுத்தத்துக்காக லோடைக் குறைத்தாலே போதும்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், ஏ.ஆர். 2208-க்கு மாறி, கையேட்டின் தொடக்க அளவிலிருந்து புதிதாக ஏறுவேன், அதையும் ஜனவரி, பிப்ரவரி மதியத்தில் செய்வேன். வெயிலில் அழுத்தக் குறி எதுவும் காட்டாத லோடு, குளிரில் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். ரேஞ்சில் ரவுண்டுப் பெட்டியை நிழலில், ஈரத் துணி படாத ஐஸ் பெட்டிக்குள் வைப்பேன். சுடத் தயாராகும் வரை சேம்பரைக் காலியாகவே விட்டிருப்பேன். போல்ட் இறுகிய அந்த உறைகளை மறுபடி பயன்படுத்த மாட்டேன். பிரைமர் குழி தளர்ந்திருந்தால் கையாலேயே புதுப் பிரைமர் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், அப்படிப்பட்டதை நசுக்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். உறை நீளத்தையும் அளந்து பாருங்கள். கழுத்து நீண்டு சேம்பர் முனையில் இடித்தாலும் இதே அறிகுறிதான் வரும், அதை வெயிலின் மேல் பழி போட்டுவிடக் கூடாது. அந்தப் பெட்டியில் மிச்சம் இருக்கும் ரவுண்டுகளை, குளிர் வரட்டும் சுடலாம் என்று எடுத்துவைக்காமல், குண்டை உருவும் புல்லர் வைத்துப் பிரித்துவிடுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்கு வருவதாகச் சொன்னீர்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். அதன் மூலையில் ஒரே ஒரு உயிருள்ள ரவுண்டு கிடந்தாலும் சாங்கி விமான நிலையத்தில் அது குற்றம், தெரியாமல் வந்தது என்பது உங்களைக் காப்பாற்றாது. 1972-இலிருந்து பட்டாசுக்கே தடை உள்ள ஊர் நம்முடையது. காலி உறையைக்கூட நண்பர்களுக்குக் காட்ட என்று கொண்டுவராதீர்கள். அளந்து எழுதிய வேகக் குறிப்புகளை மட்டும் எடுத்து வாருங்கள். லிட்டில் இந்தியாவில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.